உங்களுக்குத் தெரியுமா? – கட்டிலில் ஒருவர், பக்கத்தில் ஒருவர்

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்யும் நாளில் கையில் ஒரு ஃபைலைக் கொடுப்பார்கள். மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், அடுத்து வரவேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பாட்டியை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சியைப் புரையேறாமல் எப்படிக் கொடுப்பது என்பது மட்டும் இருக்காது. எங்கள் பாட்டி 3 வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார். அம்மா இவற்றையெல்லாம் தானாகவே, பல நாள் அழுதுகொண்டே கற்றுக்கொண்டார். அப்போது யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் இன்றும் நினைக்கும் விஷயங்கள்தான் இந்த வாரப் பக்கம்.

● பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய 'பிள்ளைகள்' என்று அது சொல்வது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை. மருமகள் அந்த வரையறையில் இல்லை. மருமகளையும் மருமகனையும் சேர்க்க 2019-இல் ஒரு திருத்த மசோதா வந்தது, நிறைவேறவில்லை. ஆனால் உங்கள் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிப் பாருங்கள். பெட் பேன் எடுப்பதும், இரவு 2 மணிக்கு எழுந்து துணி மாற்றுவதும் பெரும்பாலும் மருமகளாகத்தான் இருக்கும். எங்கள் அம்மாவும் மருமகள்தான்.

● 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். குழந்தை வளர்ப்பும் இந்தக் கணக்கில் உண்டு. அப்படி ஈடுபட்ட பெண்கள் அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவிட்டது சுமார் 140 நிமிஷம், ஆண்கள் 74 நிமிஷம்.

● படுக்கைப் புண் வருவதற்கு முன் தோல் சிவந்து காட்டும். முதுகுத்தண்டின் அடி, இடுப்பு எலும்பு, குதிகால் இந்த மூன்று இடத்தையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். தேய்க்கவே கூடாது, உள்ளே நைந்திருக்கும் சதை இன்னும் நைந்துபோகும். நடுவில் ஓட்டை வைத்த வட்டக் குஷனும் வேண்டாம், ஓட்டையைச் சுற்றியுள்ள இடத்தில் அது ரத்த ஓட்டத்தை அழுத்திவிடுகிறது. ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.

● பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தால் தினமும் எழும் வலியும் கோபமும் பாதியாகக் குறையும்.

● அதேபோல், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். வலுவிழந்த தோள் மூட்டு எளிதில் விலகிவிடும். தூக்குகிறவரின் இடுப்பும் போய்விடும். முதலில் ஒருக்களிக்க வைத்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, உட்கார வைத்து ஓரிரு நிமிஷம் பொறுங்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். பாதி விழுகைகள் அந்த அவசரத்தில்தான் என்று என் அனுபவம் சொல்கிறது. பிறகு நீங்கள் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, அவர் இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். இதை ஒரு பிசியோதெரபிஸ்ட் எதிரில் நின்று காட்டினால் கால் மணி நேரத்தில் பழகிவிடலாம். அம்மாவுக்கு யாரும் காட்டவில்லை. இப்போது அவரால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது.

● பாத்ரூம் கதவு உள்பக்கம் திறப்பதா, வெளிப்பக்கம் திறப்பதா? உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. ஒரு நாள் தச்சு வேலையில் மாற்றிவிடலாம். தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து திறக்கும்படி வையுங்கள்.

● மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் ட்யூப், ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயரைத் தாங்கியது. ட்யூபில் கஞ்சி ஊற்றும்போதும், ஊற்றிய பின்னும் அரை மணி நேரமாவது தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. எல்லா மாத்திரையையும் பொடித்துப் போடுவதும் தவறு. மெதுவாகக் கரைவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும். மாத்திரையின் பெயரோடு எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று இருந்தால், டாக்டரிடம் கேட்டுச் சொட்டு மருந்தோ சிரப்போ வாங்குங்கள்.

● நேற்றுவரை தெளிவாகப் பேசிய தாத்தா இன்று ஆள் தெரியாமல் உளறுகிறார் என்றால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் ஒரே நாளில் வராது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மருந்து, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டினால் பலருக்குச் சரியாகிவிடும்.

● தாகம் எடுக்கும் உணர்வு வயதானால் மங்கிவிடுகிறது. 'தண்ணி வேணுமா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்பார்கள். நேரம் பார்த்து டம்ளரைக் கையில் கொடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும்.

● மறதி நோய் உள்ளவர்கள் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு 'வீட்டுக்குப் போகணும்' என்பார்கள். சாயங்காலம் ஆனால் இது கூடும். எங்கள் பாட்டியும் கடைசி வருஷத்தில் தினமும் 5 மணிக்குக் கட்டிலில் இருந்தபடியே மூட்டை கட்டுவார். 'இதுதானே உங்க வீடு' என்று அப்பா ஆரம்பத்தில் வாதாடினார். பாட்டிக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு நாள் அம்மா, 'உங்க வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் அத்தை இருந்துச்சு?' என்று கேட்டார். பாட்டி கொல்லைக் கிணற்றையும், ராட்டினச் சத்தத்தையும், முருங்கை மரத்தையும் சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் மூட்டையை மறந்தார். இப்போது மருத்துவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: மறுத்துப் பேச வேண்டாம், அவர்கள் நிற்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். அம்மாவுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

● பார்த்துக்கொள்பவர் எவ்வளவு நொடிந்திருக்கிறார் என்பதை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டு. ஸ்டீவன் ஸாரிட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் 1980-இல் உருவாக்கியது. இன்று பரவலாகப் பயன்படுவது 22 கேள்விகள் கொண்ட வடிவம். உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, கோபம் வருகிறதா, இன்னும் கூடுதலாகச் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். டாக்டர்கள் படுத்திருப்பவரிடம் கேட்பதில் கால்வாசியாவது பக்கத்தில் நிற்பவரிடமும் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

● தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கு வருவது பலருக்குத் தெரியும். நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கும் பிசியோதெரபிக்கும் வீட்டுக்கே ஆள் வருவார்கள் என்பது அதே அளவு தெரியவில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள்.

● ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

● திருச்சி மலைக்கோட்டைச் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். தலப்புராணம் இப்படி: பிரசவ வலியில் ரத்னாவதி தவிக்கிறாள், காவிரியில் வெள்ளம், அக்கரையிலிருந்து தாய் வர முடியவில்லை. தாயின் உருவில் சிவனே வந்து பக்கத்தில் இருந்து பிரசவம் பார்க்கிறார். சுகப்பிரசவம் வேண்டி அங்கே இன்றும் வாழைத்தார் சாத்துகிறார்கள். வரமுடியாதவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்து நிற்கும் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 2025 ஆகஸ்ட் 12-இல், 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரும் தாயுமானவர்தான்.

● வீட்டைப் பிள்ளைக்குத் தான செட்டில்மென்ட் எழுதுகிறீர்களா? 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். அவர்கள் பார்க்கத் தவறினால், 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் நீங்களே கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

● கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவக் கல்லூரியை ஒட்டி ஒரு நோய்த்தணிப்புச் சங்கம் தொடங்கியது. அதிலிருந்து கேரளம் முழுவதும் அக்கம்பக்கத்தாரே முறைவைத்துப் படுக்கை நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் வழக்கம் பரவியது. மாணவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என எல்லோரும் வந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது.

● எங்கள் தெருவில் சங்கம் எதுவும் இல்லை. எதிர்வீட்டு அக்கா ஒருவர்தான் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் 5 மணியிலிருந்து 7 மணிவரை வந்து பாட்டி பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டு உட்காருவார். 'நீ கோயிலுக்குப் போய்ட்டு வா தங்கச்சி' என்று அம்மாவிடம் சொல்வார். முதல் வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போகவில்லை. பின்கட்டில் பாயை விரித்து, 2 மணி நேரமும் தூங்கினார்.