மாத்திரை வடிவிலும் வரும் போதை: இளைஞர்கள் அறிய வேண்டியவை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் பருவம். தென்காசி மாவட்ட மாணவர்கள் பலர் நண்பர்களுடன் அருவிக்குச் செல்வர். அத்தகைய பொழுதில் யாரேனும் ஒரு மாத்திரையை நீட்டி, "மருந்துக்கடை மாத்திரைதானே, ஒன்றும் ஆகாது" எனக் கூறலாம். அதனை நம்பாதீர்கள்.

செயற்கைப் போதைப்பொருள்கள் யாவை?

வேதிப்பொருள்களைக் கொண்டு தயாரிக்கப்படும் போதைப்பொருள்கள் இவ்வாறு அழைக்கப்படுகின்றன. மெத்தம்பெட்டமைன் அவற்றுள் ஒன்று. கடும் வலிக்கு மருத்துவர் அளவறிந்து வழங்கும் டாபென்டடால், டிரமடால் போன்ற வலி நிவாரணிகளும் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன. டிரமடால் 2018ஆம் ஆண்டு முதல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

உடலில் நிகழ்வது என்ன?

இவ்வகை வலி நிவாரணிகள் மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியை மந்தப்படுத்துகின்றன. மதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால், கரையாத துகள்கள் இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் பாதிக்கும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வகைக் கிருமிகள் பரவும். மெத்தம்பெட்டமைன் இதயத் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் உயர்த்தி, காரணமற்ற அச்சத்தையும் சந்தேகத்தையும் உண்டாக்கும்.

இது உறக்கமா, ஆபத்தா?

மாத்திரை உட்கொண்ட நண்பர் எழுப்பியும் எழவில்லையா? மூச்சு மெதுவாகிறதா? குறட்டை போன்ற ஒலி, நீலம் பாய்ந்த உதடுகள், ஊசிமுனையளவு சுருங்கிய கண்மணி ஆகியவை காணப்படுகின்றனவா? "போதை தெளியட்டும்" என விட்டுவிடாதீர்கள்.

• உடனே 108ஐ அழையுங்கள்.
• மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள்.
• மூச்சு இல்லையெனில் 108 பணியாளர் கூறும் முதலுதவியைச் செய்யுங்கள்.
• தண்ணீரோ உணவோ புகட்டாதீர்கள்.
• உட்கொண்டது எது என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வலி நிவாரணியின் நச்சை முறிக்க நலாக்சோன் என்னும் மருந்து உண்டு. அது பயன்பட, காலந்தாழ்த்தாமை முக்கியம்.

சிகிச்சை பெற அஞ்ச வேண்டாம்

போதைப் பழக்கம் சிகிச்சையால் மீளக்கூடிய நோய். தாமாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் முழுமையாகச் சிகிச்சை பெறும் போதை அடிமைகளுக்கு, சொந்த உபயோகத்திற்கான வழக்கிலிருந்து 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண் 14446ஐயும், மனநல உதவிக்கு 14416ஐயும் அழைக்கலாம். தென்காசி மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையையும் அணுகலாம்.

நண்பரைக் காட்டிக்கொடுப்பதாக எண்ணித் தயங்காதீர்கள். நீங்கள் செய்யும் ஓர் அழைப்பு அவர் உயிரைக் காக்கலாம்.