தோட்டக் கூட்டங்கள்: வாய் திறக்கச் சொல்லுமுன் செய்ய வேண்டியவை

மலையகத் தோட்டங்களில் ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் சொல் இன்று அடிக்கடி காதில் விழுகின்றது. குடிநீர்த் திட்டம், வீடமைப்பு, பிள்ளை மடுவம், மண்சரிவு அபாயப் பகுதியிலிருந்து குடிபெயர்தல் என எவ்விடயமாயினும் முதலில் ஒரு கூட்டம் கூட்டப்படுகின்றது. தொழிலாளர் மனந்திறந்து பேச வேண்டுமெனக் கேட்கப்படுகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஹற்றன், நுவரெலியா பகுதிகளில் இத்தகைய கூட்டங்கள் பலவும் ஒரே விதமாக முடிவடைவதை நாம் காண்கின்றோம். அதிகாரி பேசுவார், தோட்டத் தலைவர் பேசுவார், பின்வரிசையில் இருக்கும் பெண்கள் தலைகுனிந்து கேட்டுக் கொண்டிருப்பர், வருகைப் பதிவேட்டில் கையொப்பம் பெற்றதும் கூட்டம் கலைந்துவிடும்.

இந்த மௌனத்தை அறியாமை எனக் கொள்வது பெருந்தவறாகும். தோட்டம் என்பது மேலிருந்து கீழாகக் கட்டப்பட்ட ஓர் அமைப்பு. துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற அந்த வரிசை நூற்றாண்டைக் கடந்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் முகாமைத்துவத்தின் கீழ் வந்தபோதும் அது பெரிதாக மாறிவிடவில்லை. காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுப்பவரும், நிறுவையில் எத்தனை கிலோ கழிப்பது எனத் தீர்மானிப்பவரும், முழுப்பேரா அரைப்பேரா எனப் பதிபவரும் அந்த வரிசையிலேயே உள்ளனர். குடியிருக்கும் லயமும் பெரும்பாலும் தோட்டத்துக்கே உரியது. தொழிலும் தலைக்கு மேலுள்ள கூரையும் ஒரே கையில் இருக்கும்போது, மாலையில் சொன்ன சொல்லுக்கு மறுநாள் பெரட்டில் என்ன விலை என்ற கேள்வி தொழிலாளிக்கு எழுவது இயல்பே.

எனவே, கூட்டத்தை நெறிப்படுத்த வருபவரின் பணி கூட்டம் தொடங்குவதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகின்றது. முதலில் அவர் தோட்ட முகாமையாளருடன் தனியே அமர்ந்து சில விடயங்களைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். அவற்றுள் மூன்று தவிர்க்க முடியாதவை.

முதலாவது, கூட்டம் எதற்காக என்பது. எடுத்த முடிவை அறிவிப்பதற்கா, கருத்தைக் கேட்பதற்கா, சேர்ந்து தீர்மானிப்பதற்கா? அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆன்ஸ்டீன் 1969இல் எழுதிய கட்டுரையொன்றில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அடிப்படிகளில் பங்கேற்பு பெயரளவில் மட்டுமே உண்டு. இடைப்படிகளில் தகவல் அளித்தலும் கருத்துக் கேட்டலும் உண்டு. மேற்படிகளிலேயே அதிகாரம் மக்களிடம் வருகின்றது. அறிவித்தல் மட்டுமே நோக்கமாயின் அதை அறிவித்தல் என்றே சொல்லிவிடலாம். அதில் குற்றமில்லை. கலந்துரையாடல் என்று அழைத்துவிட்டு அறிவித்தலோடு நிறுத்துவதே நம்பிக்கையைக் கெடுக்கின்றது. ஊர்ப் பஞ்சாயத்தும் பள்ளிவாசல் நிர்வாகத்தின் மஷூராவும் நம் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. யாரிடம் கருத்துக் கேட்கப்படுகின்றது, முடிவை யார் சொல்வார் என்பது தெரிந்தால்தானே அங்கும் அமர்ந்திருப்போர் ஒப்பிப் பேசுவர்?

இரண்டாவது, எந்த விடயம் யார் கையில் உள்ளது என்பது. குடிநீர்க் குழாய், மலையில் மலசலகூட வசதி, நிறுவை நேரம், பிள்ளை மடுவம் திறக்கும் நேரம் போன்றவற்றில் தோட்ட முகாமையாளரே பலவற்றைச் செய்ய முடியும். நாட்சம்பளம் அவர் கையில் இல்லை. 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாவை நிர்ணயித்ததையடுத்து, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. வீட்டுக்கான காணி கம்பனியினதும் அரசாங்கத்தினதும் இணக்கத்தை வேண்டுவது. பாதைகளைப் பொறுத்தவரை, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர் அவ்வழி திறந்துள்ளது. இவற்றைப் பிரித்துக் காட்டாமல் “எதை வேண்டுமானாலும் கேளுங்கள்” என்பது, தர முடியாததற்கு ஆசை காட்டுவதாகும்.

மூன்றாவது, பேசியவருக்கு என்ன நேரும் என்பது. கூட்டத்தில் சொன்னதற்காக எவரும் வேலைத்தலத்தில் பழிவாங்கப்படமாட்டார் என்ற உறுதியை முகாமையாளரே, சின்னத்துரையும் கணக்கப்பிள்ளையும் கேட்கும்படி, பெரட்டுக்களத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் அதற்கு இணங்காவிடின் அப்பொதுக் கூட்டத்தை ஒத்திவைப்பதே நேர்மை. தம்மால் காக்க முடியாதவர்களைப் பேசத் தூண்டிவிட்டு மாலை வாகனத்தில் கொழும்புக்குத் திரும்பிவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

தொழிற்சங்கத் தலைவர்களையும் முன்னரே சந்திப்பது அவசியம். தம்மை ஓரங்கட்டும் முயற்சி என அவர்கள் கருதினால் எக்கூட்டமும் நிலைக்காது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், அரைப்பேர் இழக்காமலும் சமையல் வேளையில் அகப்படாமலும் நேரத்தைக் குறிப்பதும், அவர்களுக்கெனத் தனியாக ஒரு சிறு கூட்டம் முன்னதாக நடத்துவதும் பயன் தரும். கெயார் நிறுவனத்தின் முயற்சியால் சில தோட்டங்களில் உருவான சமுதாய அபிவிருத்தி மன்றங்கள் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கன. முகாமைத்துவம், தொழிற்சங்கம், தொழிலாளர், இளைஞர், அயற்கிராமத்தவர் ஆகியோர் ஒரே இடத்தில் அமர்ந்த அம்மன்றங்கள் ‘சிறு பாராளுமன்றம்’ எனவும் அழைக்கப்பட்டன. தொடர்ந்து கூடும் இத்தகைய மன்றத்தில், சென்ற முறை சொன்னது என்னவாயிற்று என அடுத்த முறை கேட்க இடமுண்டு. ஒருநாள் கூட்டத்தில் அதற்கு இடமேது?

இது வெறும் கூட்ட ஒழுங்கு பற்றிய விடயமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் மீரியபெத்த தோட்டம் மண்ணுள் புதைந்தது. அங்குள்ள அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் எழும்ப மறுத்தனர் என ஒரு தரப்பும், போவதற்கு இடம் தரப்படவில்லை என மறு தரப்பும் பின்னர் வாதிட்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போதும் மலையகம் மண்சரிவுகளால் பேரிழப்பைச் சந்தித்தது. குடிபெயர்வது பற்றிய கூட்டங்களில் எந்தக் காணி, எப்போது, யார் பொறுப்பு, மறுத்தால் வேலைக்கு என்னவாகும் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாவிடின், மக்கள் தலையை ஆட்டிவிட்டு அதே லயத்துக்கே திரும்புவர்.

ஆகவே கூட்டம் கூட்டுவோர் மண்டபத்தையும் தேநீரையும் ஒழுங்கு செய்யுமுன், ஒரு தாளில் நான்கு வரி எழுதி லயங்களுக்கு அனுப்பட்டும்: கூடுவது எதற்கு, முடிவு யாருடையது, பேசுவோருக்கு என்ன பாதுகாப்பு, பதில் எந்தத் திகதியில். அந்நான்கு வரியையும் எழுத இயலாதவர் கூட்டத்தைச் சற்றுப் பிற்போடுவதே நன்று.