பரங்கிமலைச் சிலுவைக் கல்வெட்டு: வாசிப்பும் சான்றின் எல்லையும்

முன்னுரை

சென்னைப் பரங்கிமலையைக் கிறித்தவர் பெரியமலை எனவும் வழங்குவர். அம்மலைத் தேவாலயப் பீடத்தில் பதிக்கப்பெற்றுள்ள கற்சிலுவை, 1547ஆம் ஆண்டு போர்ச்சுகீசியர் கட்டடப் பணிக்காக நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்டது. புனித தோமாவைப் பற்றிய மரபோடு இணைத்தே இது பெரிதும் பேசப்படுகிறது. இக்கல்லின் எழுத்து எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வடிவமைப்பு

கற்பலகையில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட சிலுவையின் முனைகள் மொட்டுப்போல் அமைந்துள்ளன. மேலே புறா ஒன்று கீழ்நோக்கி இறங்குகிறது. அடியில் இலைகள் இருபுறமும் விரிகின்றன. சிலுவையில் இயேசுவின் உருவம் இல்லை. சுற்றியுள்ள வளைவில் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

மூன்று வாசிப்புகள்

16ஆம் நூற்றாண்டில் அந்தணர் ஒருவர் இதனைத் தோமாவின் வரலாறாகப் படித்துக் கூறினார் எனப் போர்ச்சுகீசியர் எழுதினர். 1873இல் பர்னல் இதனைப் பஹ்லவி எனக் கொண்டு, கிறித்துவின் இறைமையை உரைக்கும் கோட்பாட்டு வாசகமாக விளக்கினார். 20ஆம் நூற்றாண்டில் வின்க்வொர்த், சிலுவையைச் செய்தவர்மேல் கிறித்து இரங்கவேண்டும் என்னும் வேண்டுதலாகப் படித்தார். அவர் பெயரைப் படிப்பதில் பின்வந்தோர் வேறுபட்டாலும், இது தனிமனிதரின் வேண்டுதல் என்னும் கருத்தே வலுப்பெற்றது. இவ்வாசிப்பில் தோமாவின் பெயர் இடம்பெறவில்லை.

ஒப்பீடு

கோட்டயம் வலியபள்ளி, கடமற்றம், முட்டுச்சிறை ஆகிய கேரள ஊர்ச் சிலுவைகளிலும் இதே வாசகம் காணப்படுகிறது. தொலைவிலுள்ள ஊர்களில் ஒரே மனிதரின் பெயர் வருவதற்கு, அவரே பல சிலுவைகளை நிறுவியிருக்கவேண்டும். அல்லது மூலம் ஒன்றைப் பிறர் படியெடுத்திருக்கவேண்டும். படியெடுத்தல் என்பது உண்மையாயின், ஒவ்வொரு கல்லின் காலத்தையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். அம்மனிதர் பரங்கிமலையில் வாழ்ந்தார் எனக் கொள்ளவும் இயலாது.

பஹ்லவி அறிந்தோர் தென்னாட்டுக் கடற்கரையில் இருந்தமைக்குத் தரிசாப்பள்ளிச் செப்பேடு உறுதியான சான்று. ஏறத்தாழ 849இல் கொல்லத்துத் தேவாலயத்திற்கு வழங்கப்பட்ட இச்செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில் உள்ளது. சாட்சிகளின் ஒப்பங்களோ பஹ்லவி, கூபி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. கடல் வணிகத்தோடு பாரசீகக் கிறித்தவர் இங்கு வந்து தங்கிய சூழலை இது காட்டுகிறது.

முடிவுரை

பரங்கிமலைச் சிலுவையில் ஆண்டுக் குறிப்பு இல்லை. எழுத்தமைதி கொண்டு இதனை 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தது எனப் பொதுவாகக் கருதுவர். எனவே, இது முதல் நூற்றாண்டு நிகழ்ச்சிக்கு நேர்ச்சான்று ஆகாது. தோமா மரபை மறுக்கும் சான்றும் அன்று. பாரசீக மரபுக் கிறித்தவம் இக்கடற்கரையோடு கொண்ட தொடர்பையே இக்கல் உறுதிப்படுத்துகிறது. மரபுச் செய்தியையும் கல்வெட்டுச் செய்தியையும் பிரித்து நோக்குவதே இதனை ஆய்வதற்கு உரிய முறையாகும்.