பி-சைடுல ஒளிஞ்சிருந்த சிங்கம்!

ஹாஸ்டல் ரூம் சுவரில் மெட்டாலிகா போஸ்டர் ஒட்டியிருக்கிற ஆளா நீங்க? அப்படின்னா இந்த வாரம் உங்களுக்குத்தான் பாஸ். அந்த போஸ்டருக்குக் கீழே இன்னொரு பேரையும் எழுதி வைக்கணும்: டயமண்ட் ஹெட்.

'யாருப்பா அது?'ன்னு கேட்கிறீங்களா... அதான் மேட்டரே!

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் ஸ்டவர்பிரிட்ஜ்னு ஒரு சின்ன ஊர். 1976-ல் அங்கே ஸ்கூல் பசங்க சிலர் பேண்ட் ஆரம்பிக்கிறாங்க. கிதார் பிரையன் டாட்லர், டிரம்ஸ் டங்கன் ஸ்காட், குரல் ஷான் ஹாரிஸ். பேஸ் கிதாருக்கு காலின் கிம்பர்லி அப்புறமா வந்து சேர்ந்தார். டாட்லர் ரூமில் மாட்டியிருந்த ஃபில் மான்சனேரா ஆல்பத்தின் போஸ்டரில் இருந்த பேரையே சுட்டு பேண்டுக்கு வெச்சுட்டாங்க!

1980-ல் ஹேப்பி ஃபேஸ்ங்கிற குட்டி லேபிளில் முதல் சிங்கிள் வந்தது. முன்பக்கம் 'ஷூட் அவுட் த லைட்ஸ்'. பரவாயில்லை ரகம். தட்டைத் திருப்பிப் போட்டாத்தான் விஷயம் இருக்கு. 'ஹெல்ப்லெஸ்'! கிதார் எடுத்த எடுப்பிலேயே ஓட ஆரம்பிக்கும், டிரம்ஸ் பின்னாடியே துரத்தும். நடுவில் வண்டி ரூட் மாறும், வேகம் மாறும், மறுபடி சீறும். ஆல்பத்தில் இருக்கும் வடிவம் கிட்டத்தட்ட 7 நிமிஷம். ஆனா கடிகாரம் பார்க்கத் தோணாது. 'த்ராஷ்'ங்கிற வார்த்தையே புழக்கத்துக்கு வராத காலத்தில் அந்த இசைக்கான விதை இதில் இருந்தது. இதைப் போய் பின்பக்கம் போட்டாங்களேங்கிறதுதான் நம்ம ஆதங்கம்.

அதே வருஷம் வந்த முதல் ஆல்பம் இன்னும் காமெடி. பெரிய கம்பெனி எதுவும் கையெழுத்து போடலை. பாடகரோட அம்மாவும் மேனேஜர்கள்ல ஒருத்தர். ஆயிரம் பிரதி மட்டும் அச்சடிச்சு, வெறும் வெள்ளை உறையில், பேர்கூட போடாம, தபாலிலும் கச்சேரி வாசலிலும் வித்தாங்க. மொத்தமே 7 பாட்டு.

அமெரிக்காவில் இருந்த ஒரு டென்மார்க் பையன் கைக்கு அந்த இசை போய்ச் சேர்ந்தது. தலைகால் புரியலை அவனுக்கு. 1981-ல், 17 வயசில், ஃப்ளைட் ஏறி லண்டன் வந்து வுல்விச் ஓடியனில் டயமண்ட் ஹெட் கச்சேரி பார்த்தான். முடிஞ்சதும் நேரா மேடைக்குப் பின்னாடி போய் அறிமுகம் பண்ணிக்கிட்டு, டாட்லர் வீட்டிலேயே தங்கிட்டான்! ஊர் திரும்பிய சில மாசத்தில் அவன் ஆரம்பிச்ச பேண்டுதான் மெட்டாலிகா. பையன் பேர் லார்ஸ் உல்ரிச்.

1982 மார்ச்சில் மெட்டாலிகாவின் முதல் கச்சேரி. அதில் 4 பாட்டு டயமண்ட் ஹெட்டோடது. 'ஹெல்ப்லெஸ்'ஸும் அதில் உண்டு. 'இது எங்க பாட்டு இல்லீங்க'ன்னு அப்போ மேடையில் சொல்லிக்கலை, அது வேற கதை! பின்னாடி முறையா பேர் போட்டு ரெக்கார்டும் பண்ணாங்க. 1987-ல் வந்த 'கராஜ் டேஸ்' இ.பி.யின் முதல் பாட்டே 'ஹெல்ப்லெஸ்'தான். அந்த வெள்ளை உறை ஆல்பத்தின் 7 பாட்டில் 4-ஐ மெட்டாலிகா பதிவு பண்ணிடுச்சு.

அப்போ ஒரிஜினல் ஆளுங்க? 1982-ல் எம்.சி.ஏ. கம்பெனியோட ஒப்பந்தம் கிடைச்சது. 'பாரோடு டைம்' ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 24-வது இடம் பிடிச்சது. அடுத்த வருஷம் 'கேன்டர்பரி'யில், மெட்டலைக் குறைச்சு வேற ரூட்டில் போனாங்க. சோதனை பண்ணதைத் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா ரசிகர்கள் வேகம் கேட்ட நேரத்தில் இவங்க வேகத்தைக் குறைச்சாங்க. போதாக்குறைக்கு முதலில் அச்சடிச்ச 20,000 தட்டுகளில் கோளாறு, ஊசி குதிச்சு குதிச்சு ஓடிச்சு! 1985-ல் பேண்ட் கலைஞ்சது. 'திறமை இருந்தா ஜெயிக்கலாம்'னு யாராவது சொன்னா இந்தக் கதையைச் சொல்லுங்க.

ஆனா டாட்லர் புலம்பலை. மெட்டாலிகா பாடினதால் வந்த ராயல்டி அவருக்குக் கை கொடுத்தது. பேண்ட் திரும்பவும் எழுந்தது. 2011 ஜூலையில் நெப்வொர்த் மைதானத்தில் மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் நாலும் ஒரே நாளில் வாசிச்சப்போ டயமண்ட் ஹெட்டும் மேடை ஏறிச்சு. கடைசியில் டாட்லரைக் கூப்பிட்டு அவர் கையில் கிதாரோட எல்லாரும் சேர்ந்து வாசிச்ச பாட்டு? அதே பி-சைடு 'ஹெல்ப்லெஸ்'!

2020-ல் முதல் ஆல்பத்தையே புதுசா பதிவு பண்ணினப்போ, கூடவே மெட்டாலிகாவோட 'நோ ரிமோர்ஸ்' பாட்டையும் வாசிச்சாங்க. குருவே சிஷ்யனைப் பாடின கணக்கு! 2023-லிருந்து டாட்லர் சாக்ஸன் பேண்டிலும் கிதார் வாசிக்கிறார்.

கேட்கப் போறீங்களா? முதல்ல 1980 ஒரிஜினல், அப்புறம் 1987 மெட்டாலிகா. வரிசையை மாத்திடாதீங்க. நல்ல ஹெட்போன் மாட்டுங்க, ரூம்மேட் தூங்கிட்டிருந்தா கண்டிப்பா மாட்டுங்க!