வயிற்றுப் பசியா, மனப் பசியா? சாங்கிச் சிறை சொல்லும் பாடம்

வேலை முடிந்து களைத்து வீடு திரும்பியதும் பலரின் கை முறுக்கு டின்னைத் தேடுகிறது. பசி இல்லாவிட்டாலும் டின் காலியாகிவிடுகிறது. பிறகு குற்ற உணர்வு. மறுநாள் காலை உணவைத் தவிர்த்து ஈடுகட்டப் பார்த்தால், மாலையில் பசி கடுமையாகி மீண்டும் அதே கதை.

உணவுக்கும் மனத்துக்கும் உள்ள இந்தப் பிணைப்பைப் புரிந்துகொள்ள சாங்கியில் நடந்த ஒரு சம்பவம் உதவும்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே ஐரோப்பியக் குடிமக்கள் பலர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். பெண்கள் பகுதியில் இருந்தவர்களுள் கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வேனியும் ஒருவர். அரைவயிற்று உணவுக்கே திண்டாடிய அந்தப் பெண்கள், ஒன்றாக அமர்ந்து கற்பனை விருந்து நடத்தினர். வீட்டில் சமைத்தவற்றை விவரித்து, செய்முறைகளை எழுதிவைத்தனர். அவற்றை மல்வேனி 1946ல் கனடாவில் நூலாக வெளியிட்டார். விற்பனைப் பணம் மருத்துவமனைகளில் இருந்த முன்னாள் போர்க்கைதிகளுக்கு உதவியது.

அந்தப் பேச்சு வயிற்றை நிரப்பவில்லை. ஆனால் வீட்டு நினைவையும் துணையையும் தந்தது. இன்று பலருக்கு நிலை தலைகீழ். புளோக்கின் கீழேயே காப்பிக்கடை; மனம்விட்டுப் பேசத்தான் ஆளில்லை.

வயிற்றுப் பசி மெல்ல மெல்ல வரும். எதைச் சாப்பிட்டாலும் அடங்கும். மனப் பசி திடீரென வரும். இனிப்போ பொரித்ததோதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். மனவுளைச்சல் நீடிக்கும்போது உடலில் சுரக்கும் கார்டிசோல் பசியைத் தூண்டக்கூடும். அதனால் இதை வெறும் மனக்கட்டுப்பாட்டுக் குறை என்று தன்னையே திட்டிக்கொள்வதில் பயனில்லை.

தின்பண்டத்தை எடுக்குமுன் ஒரு நிமிடம் நின்று, ‘இப்போது எனக்கு என்ன தேவை?’ என்று கேட்டுப் பார்க்கலாம். களைப்பு என்றால் ஓய்வு, தனிமை என்றால் அக்காவுக்கோ நண்பருக்கோ ஓர் அழைப்பு, கோபம் என்றால் சிறிது நடை. உண்மையிலேயே பசித்தால் தட்டில் போட்டு, உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடலாம். வேளை உணவைத் தவிர்க்க வேண்டாம். பிடித்த பண்டத்தை முழுதாக ஒதுக்கவும் வேண்டாம். ஒதுக்க ஒதுக்க ஆசை கூடும்.

கட்டுப்பாடின்றி உண்பதோ, உண்டதை வேண்டுமென்றே வாந்தியெடுப்பதோ, பட்டினி கிடப்பதோ தொடர்ந்தால் பலதுறை மருந்தக மருத்துவரை நாட வேண்டும். மனநல ஆலோசனைக்கு 1771 என்ற தேசிய எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்பது நம் வழக்கம். கூடவே “மனசு எப்படி இருக்கு?” என்றும் கேட்டுப் பழகலாம்.