மைசூரில் இரண்டு உயிரியல் பூங்காக்கள்: ஒன்றில் அலைமோதும் கூட்டம், மற்றொன்றில் யாருக்கும் அனுமதி இல்லை, காரணம் என்ன?

மைசூரு: கர்நாடக மாநிலம் மைசூருவுக்குச் சுற்றுலா செல்பவர்களில் பெரும்பாலானோர் அரண்மனையைப் பார்த்துவிட்டு அடுத்ததாகச் செல்லும் இடம் ஸ்ரீ சாமராஜேந்திர உயிரியல் பூங்கா. ஆனால், அதே நகரின் விளிம்பில் உள்ள கூர்கள்ளியில் சட்டத்தின் பார்வையில் 'உயிரியல் பூங்கா' என்றே கருதப்படும் மற்றொரு வளாகமும் இயங்கி வருகிறது. அங்கும் புலிகள் பராமரிக்கப்படுகின்றன. எனினும், அங்கு நுழைவுச்சீட்டு கிடையாது; பார்வையாளர்களுக்கு அனுமதியும் கிடையாது.

நீலகிரி மாவட்டத்தில் 4 பேரின் உயிரிழப்புக்குக் காரணமானதாகக் கூறப்பட்டு, 2021 அக்டோபரில் மசினகுடி அருகே பிடிக்கப்பட்ட 'டி23' புலி கொண்டு செல்லப்பட்டது இந்த இரண்டாவது இடத்துக்குத்தான். ஒரே நகரில் உள்ள இந்த இரு இடங்களும் எவ்வாறு வேறுபடுகின்றன? மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஒரு பூங்கா ஏன் தேவைப்படுகிறது? விரிவாகக் காணலாம்.

மன்னர் தொடங்கிய பூங்கா

மைசூரு சமஸ்தானத்தின் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1892-ஆம் ஆண்டில் சுமார் 10 ஏக்கர் நிலத்தில் இந்த உயிரியல் பூங்காவைத் தொடங்கினார். முதலில் அரண்மனையைச் சார்ந்ததாக இருந்த இப்பூங்கா, 1902-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1909-இல் அதற்கு மன்னரின் பெயர் சூட்டப்பட்டது. தோட்டக்கலை வல்லுநரான ஜெர்மானியர் ஜி.எச்.கிரும்பிகல் பூங்காவின் நில அமைப்பை வடிவமைத்ததில் முக்கியப் பங்காற்றினார்.

சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் மாநில அரசின் பூங்கா மற்றும் தோட்டத் துறையிடமும், 1972-இல் வனத் துறையிடமும் இது ஒப்படைக்கப்பட்டது. 1979-இல் கர்நாடக உயிரியல் பூங்கா ஆணையம் உருவாக்கப்பட்டு, நிர்வாகம் அதன்கீழ் வந்தது. உயிரியல் பூங்காக்களுக்கென ஒரு மாநிலம் தன்னாட்சி அமைப்பை ஏற்படுத்தியது நாட்டிலேயே அதுவே முதல்முறை.

அருகில் உள்ள காரஞ்சி ஏரியையும் சேர்த்து, இன்று பூங்காவின் பரப்பு சுமார் 157 ஏக்கர். ஏரிப் பகுதியில் பார்வையாளர்கள் உள்ளே நடந்து சென்று பறவைகளைக் காணும் பெரிய பறவைக்கூடமும் உள்ளது. ஆயிரத்துக்கும் அதிகமான விலங்குகளும் பறவைகளும் இங்குப் பராமரிக்கப்படுகின்றன. அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்து 1995-இல் கொண்டுவரப்பட்ட 'போலோ' என்ற கொரில்லா, 2014-இல் உயிரிழக்கும் வரை இப்பூங்காவின் பெரும் ஈர்ப்பாக விளங்கியது. அதன் இடத்தை நிரப்பும் வகையில், 2021-இல் ஜெர்மனியில் இருந்து தாபோ, டெம்பா என்ற இரு கொரில்லாக்கள் வரவழைக்கப்பட்டன.

அதாவது, இங்குள்ள விலங்குகளில் பல திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்து வரவழைக்கப்பட்டவை அல்லது பூங்காவிலேயே பிறந்தவை. பிற பூங்காக்களுடன் விலங்குகளைப் பரிமாறிக்கொள்ள மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி பெறுவது கட்டாயம்.

கூர்கள்ளியில் இருப்பது என்ன?

மைசூருவின் வடமேற்கே, தொழிற்பேட்டையை ஒட்டிய கூர்கள்ளியில் 100 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் அமைந்துள்ளது சாமுண்டி வனவிலங்கு மீட்பு மற்றும் மறுவாழ்வு மையம். மைசூரு உயிரியல் பூங்காவின் நிர்வாகமே இதையும் கவனித்து வருகிறது.

இந்த மையத்துக்கு வரும் விலங்குகளை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஊருக்குள் புகுந்து கூண்டில் சிக்கியவை, காயத்தால் வேட்டையாடும் திறனை இழந்தவை, தாயைப் பிரிந்த குட்டிகள், மனிதர்களைத் தாக்கியதால் மீண்டும் காட்டில் விட இயலாதவை போன்றவையே இங்குக் கொண்டுவரப்படுகின்றன. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை வட்டத்தில் 2019 அக்டோபரிலும், நஞ்சன்கூடு வட்டத்தில் 2023 நவம்பரிலும் மனித உயிரிழப்புகளைத் தொடர்ந்து பிடிக்கப்பட்ட புலிகள் கூர்கள்ளிக்கே கொண்டு செல்லப்பட்டன.

இரண்டும் 'பூங்கா' என்பது எப்படி?

பொதுமக்கள் பார்க்கவே முடியாத ஓர் இடத்தை உயிரியல் பூங்கா என்று அழைப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, உயிரியல் பூங்கா என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் விரிவானது. பொதுமக்கள் காண்பதற்காக விலங்குகளை வைத்திருக்கும் இடங்களுடன், காட்சிக்கு வைக்கப்படாத மீட்பு மையங்களும், பாதுகாப்பு இனப்பெருக்க மையங்களும் அதில் அடங்கும் என்று 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்தியுள்ளது.

எனவே, இரு இடங்களுக்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் தேவை. கால்நடை மருத்துவர், தனிமைப்படுத்தும் வசதி, பதிவேடுகள் போன்றவற்றில் இரண்டுமே விதிகளுக்கு உட்பட்டவை. வேறுபாடு நோக்கத்தில்தான் உள்ளது. அழியும் நிலையில் உள்ள இனங்களைப் பெருக்குவதும், மக்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்துவதும் முதலாவதின் பணி. மீட்பு மையத்திலோ விலங்குகளைக் காட்சிப்படுத்துவதும் இனப்பெருக்கம் செய்வதும் தவிர்க்கப்படுகின்றன. வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு அளிப்பதே அதன் பணி.

நாட்டில் மீட்பு மையங்கள் உருவானதற்கும் ஒரு பின்னணி உண்டு. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதற்கு மத்திய அரசு 1998-இல் தடை விதித்தது. சர்க்கஸ் நிறுவனங்கள் தொடர்ந்த வழக்கில் அத்தடையை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதி செய்தது. சர்க்கஸ்களில் இருந்து மீட்கப்பட்ட சிங்கங்களையும் புலிகளையும் பராமரிக்க வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம் உள்ளிட்ட இடங்களில் மையங்கள் அமைக்கப்பட்டன. அவ்விலங்குகள் முதுமையடைந்து மறைந்துவிட்டால் மையங்களின் தேவை குறையும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. ஆனால், சர்க்கஸ் கூண்டுகள் காலியான பின்னரும் காட்டின் எல்லையில் இருந்து விலங்குகள் வந்துகொண்டே இருக்கின்றன.

காட்டுப் புலியை ஏன் காட்சிக்கு வைப்பதில்லை?

பூங்காவில் பிறந்து வளரும் புலி, மனிதக் குரல்களுக்கும் பராமரிப்பாளரின் காலடி ஓசைக்கும் குட்டிப் பருவத்திலேயே பழகிவிடுகிறது. பல சதுர கிலோமீட்டர் பரப்பைத் தனது எல்லையாகக் கொண்டு வாழ்ந்த காட்டுப் புலியின் நிலை வேறு. மனிதர்களைக் கண்டதும் அது ஒளிந்துகொள்ள முயலும். இயலாதபோது கம்பிகளின் மீது பாயும். கம்பியைக் கடிக்கும்போது கோரைப்பற்கள் உடைவதும், மோதும்போது முகத்தில் காயம் ஏற்படுவதும் உண்டு. அத்தகைய விலங்கை நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் முன் நிறுத்துவது சிகிச்சைக்கு நேர்மாறான செயலாகிவிடும்.

இதனால் மீட்பு மையத்தில் புலியின் அருகில் செல்லும் ஆட்களின் எண்ணிக்கை மிகக் குறைவாகவே வைக்கப்படுகிறது. உணவளிப்பதும் கண்காணிப்பதும் இயன்றவரை ஒரே பராமரிப்பாளரிடம் விடப்படுகின்றன. கூர்கள்ளியின் கதவு மூடப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

'டி23' ஏன் மைசூரு சென்றது?

கூடலூர், மசினகுடி பகுதிகளில் கால்நடைகளையும் மனிதர்களையும் தாக்கியதாகக் கூறப்பட்ட 'டி23' புலியைப் பிடிக்க 2021 செப்டம்பர் இறுதியில் தேடுதல் தொடங்கியது. மக்கள் போராட்டத்தில் இறங்கிய நிலையில், புலியைச் சுட்டுப் பிடிக்கும் உத்தரவும் பிறப்பிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, புலியை உடனடியாகக் கொல்ல முற்பட வேண்டாம் என நீதிமன்றம் அறிவுறுத்தியது. சுமார் மூன்று வாரத் தேடுதலுக்குப் பின் அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி செலுத்தி அப்புலி உயிருடன் பிடிக்கப்பட்டது.

உடலில் காயங்களுடன் இருந்த அந்தப் புலிக்கு உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டது. மசினகுடியில் இருந்து வண்டலூர் 500 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. மைசூருவோ சுமார் 100 கிலோமீட்டர்தான். எனவே, தமிழகத்தில் பிடிபட்ட புலி கர்நாடகத்தில் உள்ள கூர்கள்ளிக்கு அனுப்பப்பட்டது. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே ஆகியவை ஒன்றோடொன்று தொடர்புடைய காடுகள். மாநில எல்லை புலிகளுக்குத் தெரியாது. அவற்றுக்கான சிகிச்சையும் அந்த எல்லையைப் பார்ப்பதில்லை என்பதற்கு அச்சம்பவம் எடுத்துக்காட்டாக அமைந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

மனித உயிருக்கு ஆபத்தாக மாறிய, அட்டவணை 1-இல் உள்ள விலங்கை வேட்டையாட அனுமதிக்கும் அதிகாரம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. ஆனால், அதைப் பிடிக்கவோ, மயக்கமடையச் செய்யவோ, வேறிடத்துக்கு மாற்றவோ இயலாது என்று அவர் உறுதிசெய்த பின்னரே கொல்ல உத்தரவிட முடியும் என வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு கூறுகிறது. பிடிபட்ட விலங்கைக் காட்டில் மீண்டும் விட முடியாது என்று காரணங்களை எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்யாமல், அதை அடைத்து வைக்கவும் கூடாது.

மனிதர்களைக் கொன்றது உறுதியான புலியை மீண்டும் காட்டில் விடக் கூடாது என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். வேறொரு காட்டில் விட்டாலும் அங்குள்ள புலியுடன் எல்லைச் சண்டை ஏற்படும். தோற்கும் புலி மீண்டும் ஊரை நோக்கியே நகரும். சுடுவதும் கூடாது, விடுவதும் இயலாது என்ற நிலையில் எஞ்சும் ஒரே வழி மீட்பு மையம். கூர்கள்ளி போன்ற ஓர் இடம் இல்லையெனில், 'உயிருடன் பிடியுங்கள்' என்ற சட்டத்தின் சொல் நடைமுறையில் பொருளற்றதாகிவிடும்.

இடம் போதுமா?

2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் 290 ஆக இருந்த புலிகளின் எண்ணிக்கை, 2022-இல் 563 ஆக உயர்ந்தது. பந்திப்பூரில் 150, நாகரஹொளேயில் 141, முதுமலையில் 114 புலிகள் இருப்பதாக அக்கணக்கெடுப்பு மதிப்பிட்டுள்ளது. இம்மூன்று காப்பகங்களுக்கும் அருகில் உள்ள பெருநகரம் மைசூரு.

புலிகள் பெருகும்போது, இளம் புலிகள் புதிய எல்லையைத் தேடி வெளியேறுகின்றன. முதுமையடைந்த, காயமுற்ற புலிகள் காட்டின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, எளிதில் கிடைக்கும் கால்நடைகளை நாடுகின்றன. மோதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காட்டில் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும் புலி, உணவும் மருத்துவமும் கிடைக்கும் இடத்தில் 20 ஆண்டுகள் வரைகூட வாழக்கூடும். எனவே, மீட்பு மையத்துக்குள் வரும் ஒவ்வொரு புலியும் ஓர் அடைப்பிடத்தைப் பல ஆண்டுகளுக்கு நிரப்புகிறது. புலிகள் தனித்து வாழ்பவை என்பதால் இரண்டை ஒன்றாக அடைக்கவும் முடியாது. அடைப்பிடங்கள் நிரம்பிவிட்டால் அடுத்த புலியை எங்கே கொண்டு செல்வது என்பது வனத் துறையினர் எதிர்கொள்ளும் கடினமான கேள்வி.

ஒன்றின் வருவாய், மற்றொன்றின் செலவு

மைசூரு உயிரியல் பூங்காவின் முதன்மை வருவாய் நுழைவுக் கட்டணம். விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டத்தின் மூலம் பொதுமக்களும் நிறுவனங்களும் பராமரிப்புச் செலவை ஏற்கின்றனர். 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பறவைக் காய்ச்சலாலும், 2020-இல் கொரோனா பொதுமுடக்கத்தாலும் பூங்கா மூடப்பட்டபோது, வாயிலில் வரும் பணம் நின்றது. ஆனால், விலங்குகளின் உணவுச் செலவு நிற்கவில்லை. கொரோனா காலத்தில் நன்கொடைகளே பெருமளவில் கைகொடுத்தன.

கூர்கள்ளிக்கோ எக்காலத்திலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்குள்ள விலங்குகளைப் பார்க்க முடியாததால், அவற்றுக்கு உதவ முன்வருவோரும் குறைவாகவே இருக்க வாய்ப்புண்டு. மக்கள் விரும்பிப் பார்க்கும் கொரில்லாவும், யாரும் பார்க்காத காயமுற்ற புலியும் ஒரே நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

பார்வையாளர்கள் கவனத்துக்கு

மைசூரு உயிரியல் பூங்காவுக்கு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாரத்தில் ஒரு நாளாவது விலங்குகளுக்கு ஓய்வு அளிக்க வேண்டும் என்பது உயிரியல் பூங்காக்களுக்கான விதி. விலங்குகளைச் சீண்டுவதும், உணவு கொடுப்பதும், கூச்சலிட்டுத் தொந்தரவு செய்வதும் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். கூர்கள்ளி மையத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்ல இயலாது.

இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு இங்கு இடமில்லை. எனினும், முதலாவதின் வெற்றி அங்கு வரும் கூட்டத்தால் அளக்கப்படுகிறது. இரண்டாவதோ புதிய விலங்குகள் வராமல் இருந்தால் மட்டுமே வெற்றி பெற்றதாகக் கருதப்பட முடியும். அதற்கான பணி கூர்கள்ளியில் அல்ல, காட்டை ஒட்டிய கிராமங்களில் நடைபெற வேண்டும். மேய்ச்சலுக்கு மாற்று ஏற்பாடு, பாதுகாப்பான மாட்டுக் கொட்டகை, கால்நடை இழப்புக்கு உடனடி இழப்பீடு, புலி நடமாட்டம் குறித்த முன்னெச்சரிக்கை ஆகியவை உறுதிசெய்யப்பட்டால், மனிதர்களின் உயிரும் காக்கப்படும். கூர்கள்ளிக்குச் செல்லும் கூண்டு வண்டிகளும் குறையும்.