இரு கைகளிலும் நாடி பாருங்கள்

வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. தலை சீவக் கையைத் தூக்கினால் கடுக்கிறது. கொடியில் நாலு துணி போடுவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது என்கிறாள் மகள். "ரத்தம் போதவில்லை" என்று டானிக் வாங்கிக் கொடுக்கிறோம். பெரும்பாலும் காரணம் அதுவாகவே இருக்கும். ஆனால் அரிதாக, வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

அதன் பெயர் டகயாசு நோய். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் வளையமாகப் பின்னியிருப்பதைக் கண்டறிந்து கூறினார். இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்று வேறு இரு மருத்துவர்கள் தெரிவித்தனர். 'நாடியில்லா நோய்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துக் குறுகிவிடுகின்றன. காரணம் இன்னும் தெளிவாகவில்லை. இது தொற்றுநோய் அல்ல. பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களையே தாக்குகிறது. நம் நாட்டில் சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனிகள் பாதிக்கப்படுவது மிகுதி என்பதால், இளவயதிலேயே இரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது.

கண்டுபிடிப்பது ஏன் கடினம்? தொடக்கத்தில் லேசான காய்ச்சல், மூட்டுவலி, களைப்பு, எடைக்குறைவு மட்டுமே இருக்கும், டி.பி.யோ என்று எண்ணத் தோன்றும். மேலும், அடைப்புள்ள கையில் பிரஷர் குறைவாகவே காட்டும். உண்மையான அழுத்தம் ஆபத்தான அளவில் இருந்தாலும், சீட்டில் 'நார்மல்' என்று எழுதப்பட்டுவிடும்.

எனவே இரு கைகளிலும் பிரஷர் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். மேல் அளவில் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஒரு கையில் நாடி மெலிந்திருந்தாலோ பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாராவியை ஒட்டிய சயான் ஆஸ்பத்திரியும் பரேல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியும் நமக்குத் தொலைவில் இல்லை. சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம் நோயைக் காட்டிக் கொடுக்கும். இந்நோயின் வேகத்தை மதிப்பெண்ணிட்டு அளக்கும் 'ஐடாஸ் 2010' என்ற முறையை உருவாக்கியதில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்கும் பங்குண்டு.

ஸ்டீராய்டு மாத்திரைகளும், அழற்சியை அடக்கும் வேறு மருந்துகளும் தருவார்கள். முகம் உப்புகிறதே என்று மாத்திரையை நாமாக நிறுத்துவது ஆபத்து. ஊருக்குப் போகும்போதும் ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் எடுத்துச் செல்லுங்கள்; அங்குள்ள டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.

ஒன்றை மட்டும் பெற்றோர் மனதில் கொள்ள வேண்டும். வரன் தட்டிப் போகுமே என்று நோயை மறைக்காதீர்கள். மருத்துவக் கண்காணிப்புடன் இந்நோயுள்ள பெண்கள் பலர் தாயாகியிருக்கிறார்கள். ஆனால் சில மருந்துகளைக் கருத்தரிக்கும் முன்பே மாற்றியாக வேண்டும். மாதாமாதம் பிரஷரைக் கவனிக்க வேண்டும். மறைத்து வைத்தால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து.